மலைக்காலணி: கடைக்காரர் சொல்வதும் கால் சொல்வதும்

மலையேற்றத்துக்குக் காலணி வாங்கப் போகிறவருக்குக் கடையில் கிடைக்கும் முதல் அறிவுரை, "கணுக்காலை மூடுற மாதிரி எடுங்க சார், அப்பதான் சுளுக்காது" என்பதுதான். மலையேற்றக் குழுக்களின் வாட்ஸ்ஆப்பிலும் இதுவே சுற்றிவருகிறது. குரங்கணிப் பாதைக்கோ கேதார்காந்தாவுக்கோ முதல் முறையாகக் கிளம்புகிறவர்கள் இதை நம்பி, சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உயரமான பூட்ஸ் வாங்குகிறார்கள். பிறகு கணுக்கால் பத்திரம் என்ற துணிச்சலில், காலடியைப் பார்க்காமல் இறங்குகிறார்கள். எனக்குக் கவலை தருவது செலவான பணம் அல்ல, அந்தத் துணிச்சல்தான்.

சுளுக்கு எப்படி நேர்கிறது? பாதம் உட்பக்கமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்புறத் தசைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன, சில சமயம் கிழிகின்றன. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தசைகள் சுதாரித்துப் பாதத்தை நிமிர்த்துவதற்குள் உடம்பின் எடை முழுக்க அதன்மேல் இறங்கியிருக்கும். அந்த எடையைக் காலணியின் கழுத்துப்பகுதி தடுக்க வேண்டுமானால் அது மரக்கட்டை மாதிரி இறுகியிருக்க வேண்டும். இப்போது கடைகளில் கிடைக்கும் லைட்வெயிட் பூட்ஸ் ஒன்றின் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நைலானும் மெத்தென்ற பஞ்சும்தான், உடனே மடங்கும். இரண்டு விரலுக்கு மடங்குவது அறுபது கிலோ உடம்புக்கு மடங்காமல் நிற்காது. பனிச்சறுக்குக்கான பூட்ஸ் உண்மையிலேயே கணுக்காலைப் பூட்டிவைக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மலைப்பாதையில் நடக்க முடியாது.

1993-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு சோதனை வெளியானது. கூடைப்பந்து ஆடும் 622 கல்லூரி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உயரமான ஷூவும் சிலருக்குத் தாழ்ந்த ஷூவும் கொடுத்தார்கள். சுளுக்கு நேர்ந்ததில் ஷூவின் உயரத்துக்குப் பெரிய பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. கூடைப்பந்துக் களம் மலை அல்ல என்பது உண்மைதான். ஆனால் உயரம்தான் காப்பு என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த முடிவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் சப்போர்ட் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பாதத்துக்குக் கீழேயும் குதிகாலைச் சுற்றியும். காலணியின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துங்கள். குதிகாலை ஏந்தும் அந்தக் கிண்ணம் குழியாமல் நிற்க வேண்டும். அடுத்து, முன்பக்கத்தை ஒரு கையிலும் பின்பக்கத்தை ஒரு கையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம். முழுதாக முறுகிக்கொண்டால், கூரான கல்லில் சாய்ந்து கால் வைக்கும்போது உங்கள் பாதமும் அப்படித்தான் முறுகும். கடைசியாக முனையை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் சரி, பாதத்தின் நடுவில் மடங்கினால் கீழே வைத்துவிடுங்கள். இந்த மூன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். தாழ்ந்த ஷூவாகவே இருந்தாலும் மூன்றிலும் தேறினால், தேறாத உயரமான பூட்ஸைவிட அதுவே மேல்.

உயரமான பூட்ஸுக்குப் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கூழாங்கல்லும் முள்ளும் உள்ளே விழாது, கணுக்கால் எலும்பு பாறையில் இடிபடாது. மழைக்காலத்து மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டை ஏறவும் கொஞ்சம் தாமதமாகும். இவற்றுக்காக வாங்குங்கள். ஏற்கெனவே சுளுக்கிய கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அப்படிப்பட்டவர்கள் பூட்ஸை நம்பாமல், மருத்துவரிடம் கேட்டுக் கணுக்கால் பட்டை போட்டுக்கொள்வது நல்லது. தினமும் சில நிமிடம் ஒற்றைக்காலில் நின்று பழகுவதும் உதவும். சமநிலைப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகள் தெளிவான ஆதரவு தருகின்றன.

"கனமா இருந்தாத்தான் சார் உழைக்கும்" என்பது அடுத்தது. உழைக்கலாம், ஆனால் அந்த உழைப்புக்கான விலையை உங்கள் கால் கொடுக்கிறது. 1969-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் சூலும் கோல்ட்மேனும் எடையைத் தலையிலும் கையிலும் காலிலும் சுமக்க வைத்து, உடம்பு செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால், தலைச்சுமைக்கான செலவு, உடம்பின் சொந்த எடையைச் சுமப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். காலில் கட்டிய எடைக்கோ நடையின் வேகத்தைப் பொறுத்து ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு மடங்கு ஆனது. ஒவ்வோர் அடியிலும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, மறுபடி நிறுத்த வேண்டியிருப்பதுதான் காரணம். ஒன்றரைக் கிலோவுக்கு மேலுள்ள பழைய பாணித் தோல் பூட்ஸுக்குப் பதிலாக 700 கிராம் குறைவான ஜோடியைப் போட்டால், முதுகுப் பையிலிருந்து மூன்று நான்கு கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். மாலையில் தளர்ந்த கால் தரையை உரசி இடறுவதுதான் பல விழுதல்களுக்குத் தொடக்கம் என்பதால், எடை குறைவதும் ஒரு பாதுகாப்பே.

இதைக் கேட்டதும் சிலர் மறுமுனைக்குப் போய்விடுகிறார்கள். எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது என்பார்கள். சாட்சிக்கு எம்மா கேட்வுட்டை அழைப்பார்கள். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், சாதாரண கெட்ஸ் கேன்வாஸ் ஷூவில் தனியாக நடந்து முடித்த பெண்மணி அவர். வியக்கவேண்டிய நடை அது. ஆனால் வழியில் அந்த ஷூக்கள் ஜோடி ஜோடியாகத் தேய்ந்து தீர்ந்தன. அவர் சுமந்ததும் தானே தைத்த சின்னத் துணிப்பைதான். பதினைந்து கிலோ பையோடு போகிறவருக்கு அவருடைய ஷூ பொருந்தாது.

நம் ஊரில் இதே வாதத்துக்கு வெள்ளியங்கிரி வருகிறது. ஏழு மலையையும் வெறுங்காலில் ஏறி இறங்கும் பக்தர்களைக் காட்டி, காலணியே தேவையில்லை என்பார்கள். செருப்பில்லாமல் வளர்ந்த கால் வேறு வகைக் கால். 1992-ல் இந்திய எலும்பு மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்தபோது, காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 சதவீதம்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே ஷூவுக்குள் அடைபட்ட பாதத்தின் தசைகளும் தோலும் ஒரு வார இறுதியில் மாறிவிடாது. பக்தியோடு வெறுங்காலில் ஏறுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மென்பாதக்காரர் அவர்களைப் பார்த்து, பழகாமல் அப்படி ஏறுவது ஆபத்து.

இவ்வளவுக்கும் மேலாக, மக்களை அதிகம் ஏமாற்றுவது "போட்டுப் பார்த்தேன், மெத்துன்னு இருந்துச்சு" என்ற நம்பிக்கைதான். கடையின் வழவழப்பான தரையில், காலையில், பையில்லாமல் பத்தடி நடந்து பார்ப்பது எதையும் சோதிக்காது. அங்கே மெத்தென்று தெரிவது பெரும்பாலும் உள்ளே போட்ட பஞ்சுத் தகடு. மலையில் சில மணி நேரத்தில் அது அமுங்கிவிடும்.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான். நாள் முழுக்க நடந்த பாதம் வீங்கும். இறங்கும்போது அது முன்னே சரியும், விரல்கள் காலணியின் முனையில் இடிக்கும். கொளுக்குமலையிலிருந்து இறங்கி வந்து பெருவிரல் நகம் கறுத்துப்போனதைக் காட்டுகிறவர்கள், ஷூ சின்னது என்று முடிவுகட்டி அடுத்த முறை ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். சில சமயம் அது சரி. பல சமயம் குதிகால் பிடிபடாததுதான் கோளாறு, பெரிய ஷூவில் கால் இன்னும் வேகமாகச் சரியும். எனவே மாலையில் கடைக்குப் போங்கள். மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பெருவிரலே நீளம் என்றில்லை, இரண்டாம் விரல் நீண்டவர்கள் நிறைய. கடையில் இருக்கும் பை ஒன்றில் எடை ஏற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் முனையில் படக் கூடாது, ஏறும்போது குதிகால் மேலெழக் கூடாது. குதிகால் எழுந்தால் லேஸைக் கணுக்கால் வளையும் இடத்தில் ஒரு தரத்துக்கு இரண்டு தரமாக முறுக்கி, இறுக்கிப் பூட்டிவிட்டு, அதற்கு மேலே சாதாரணமாகக் கட்டிப் பாருங்கள். இப்படிக் கட்டினாலே பாதி நகங்கள் பிழைக்கும். அப்படியும் எழுந்தால் அந்த வடிவம் உங்கள் காலுக்கானது அல்ல. எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெளியே போடாமல், சில மாலைகள் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். அழுக்குப்படாத ஷூவைப் பெரும்பாலான கடைகள் மாற்றித் தரும். அதன்பின் பக்கத்துக் குன்று. சென்னைக்காரருக்குப் பரங்கிமலைப் படிகள், திண்டுக்கல்காரருக்குச் சிறுமலை. "போடப் போடப் பழகிடும்" என்பது தடித்த தோல் பூட்ஸ் காலத்துப் பேச்சு. செயற்கைத் துணியில் செய்த லேசான ஷூ அப்படி இளகிக்கொடுப்பதில்லை. கடையில் கடித்தது மலையிலும் கடிக்கும்.

இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது கைத்தடியை விட முடியாது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் கழி வாங்காமல் ஏறுகிறவர் குறைவு. 1999-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 25 பாகைச் சரிவில் அளந்தபோது, ஊன்றுகோல்கள் முழங்கால் மீதான சுமையை 12 முதல் 25 சதவீதம் வரை குறைத்தன. காலணியிடம் எதிர்பார்க்கும் சப்போர்ட்டில் ஒரு பங்கை அந்தக் கழி தருகிறது.

வாட்டர்ப்ரூஃப் பற்றி: பனியில் நடக்க அது நல்லது. நம் மலைகளின் மழைக்கு அல்ல. ஈரத்தை வெளியேற்றும் மெல்லிய சவ்வு வேலைசெய்ய, உள்ளே வெம்மையும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் வேண்டும். வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் தென்மேற்குப் பருவத்தில் வியர்வை வெளியே போக வழியில்லை. ஓடையைக் கடக்கையில் மேல்வாய் வழியே நீர் புகுந்துவிட்டால் அதுவும் வெளியேறாது. வலைத்துணி ஷூ நனையும், ஆனால் நடக்க நடக்கவே வடிந்து காயும். ஈரத்தோல் சீக்கிரம் கொப்பளிப்பதால் இது சின்ன விஷயமல்ல. "வெயிலுக்குப் பருத்தி சாக்ஸ்தான்" என்பதும் இதனாலேயே தவறு. பருத்தி நனைந்தால் நனைந்தபடியே கிடக்கும். கம்பளி கலந்ததோ செயற்கை இழையோ போடுங்கள். எரிச்சல் தொடங்கும் இடத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒட்டுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில் அது கொப்புளங்களைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது.

சோலில் ஆழமான பற்கள் இருந்தால் எங்கும் வழுக்காது என்பதும் அரைகுறைதான். 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலியர் விதாலே பிரமானி, 1937-ல் கொண்டுவந்த ரப்பர் சோலிலிருந்துதான் இந்தப் பற்கள் வந்தன. அவை சேற்றுக்கும் மண்ணுக்கும். நனைந்த பாறையில் பிடிப்பது ரப்பரின் மென்மைதான். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், கெட்டியானது நாள்பட உழைத்து ஈரத்தில் வழுக்கும். பாசி படிந்த பாறையில் எதுவும் நிற்காது, சுற்றிப் போங்கள்.

ஆசையாக வாங்கி, அடுத்த பயணத்துக்கென்று பத்திரப்படுத்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. "அதிகம் போடலை, புதுசாவே இருக்கு" என்பது பூட்ஸ் விஷயத்தில் செல்லாது. பல பூட்ஸ்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுக்கும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில், பாலித்தீன் பைக்குள் கட்டிவைத்தால் இது வேகமாக நடக்கும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எடுத்தால் மேலே பளபளப்பாக இருக்கும். முதல் ஏற்றத்திலேயே சோல் பொடிப்பொடியாக உதிர்ந்து கழன்றுவிடும். போட்டு நடப்பது இதற்குக் கெடுதல் அல்ல. அலமாரியில் அடைத்துவைப்பதுதான் கெடுதல். எனவே பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள், தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் அவசியம் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வெளியே எடுத்து, சோலின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ பொடியோ தெரிந்தால் அந்த ஜோடியோடு மலைக்குப் போக வேண்டாம், பசை போட்டு ஒட்டியும் பயனில்லை. எப்படியும் பையில் கொஞ்சம் கயிறும் துணிநாடாவும் இருக்கட்டும். நடுவழியில் சோல் கழன்றால், குதிகாலுக்கும் விரல் மடிப்புக்கும் குறுக்காகச் சுற்றி இறுக்கிக் கட்டி, இறங்கி ஊர் வந்து சேரலாம்.