நான்கு பொத்தான்களுக்கு எத்தனை வேலை கொடுக்கலாம்?

பழைய பாம் கையடக்கக் கருவிகளைத் தேடி வாங்கி, அவற்றை நாட்குறிப்பாகவும் முகவரிப் புத்தகமாகவும் தினமும் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம் III, பாம் V, எம்500, ட்ரியோ என்று எது கைக்கு வந்தாலும், கொஞ்ச நாளில் மாற்றத் தோன்றுவது திரைக்குக் கீழே இருக்கும் நான்கு பொத்தான்களைத்தான். ட்ரியோவைத் தவிர மற்றவற்றில் இருக்கும் நாட்காட்டி, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்புகள் என்ற நான்கில் கடைசி இரண்டைப் பலர் தொடுவதே இல்லை. அங்கே அகராதியோ செலவுக் கணக்கோ மின்னூல் வாசிப்பானோ திறந்தால் வசதிதான். இதற்கென்று எழுதப்பட்ட துணை மென்பொருள்கள் ஏராளம். நான்கு பொத்தான்களால் எட்டு செயலிகள், பன்னிரண்டு செயலிகள், அதற்கும் மேல் திறக்கலாம் என்பதுதான் அவை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது என் வாதம். பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தும்போது என்ன நடக்கிறது, எவ்வளவு உடனே நடக்கிறது என்பதை ஒரு மென்பொருள் காக்கிறதா, கெடுக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கூடுதல் வேலைகளின் கணக்கு அதற்குப் பிறகுதான்.

அந்த ஒற்றை அழுத்தலுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பது கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1996-இல் வந்த முதல் பாம் கருவியான பைலட் 1000-இல் இருந்தது 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் செயலகமும் 128 கிலோபைட் நினைவகமும்தான். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி வருவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாராவது தேதி கேட்டால் அதை எடுத்துப் பார்ப்பதுபோல் பழகினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அடிக்கடி செய்யும் வேலைக்கு மிகக் குறைந்த தட்டல் என்பதே அந்த வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கு. அணைந்து கிடக்கும் கருவியில் நாட்காட்டிப் பொத்தானை அழுத்தினால் கருவி விழித்துக்கொள்வதும் நாட்காட்டி திறப்பதும் ஒரே அசைவில் முடிந்துவிடும். செயலி நினைவகத்தில் இருந்த இடத்திலேயே இயங்குவதால், அதை வேறெங்கிருந்தும் எடுத்து ஏற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதைவிடப் பல மடங்கு வேகமான செயலகம் கொண்ட கருவிகள் பின்னால் வந்தும், காகித நாட்குறிப்போடு போட்டியிடும் இந்த உடனடித்தன்மையைப் பலவற்றால் தர முடியவில்லை. பொத்தானை மாற்றுகிறவர் கைவைப்பது இதன்மேல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பொத்தான்களில் இரண்டாவது அடுக்கு ஏற்கெனவே காலியாக இல்லை. நாட்காட்டியில் இருந்தபடி அதே பொத்தானை மறுபடி அழுத்திப் பாருங்கள். மணிவாரியாகக் கோடு போட்ட நாள் பக்கம் போய், ஏழு நாளும் பட்டைகளாக நிற்கும் வாரப் பக்கம் வரும். இன்னொரு முறை அழுத்தினால், ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் சின்னச் சின்னக் குறிகளோடு மாதப் பக்கம். முகவரியிலும் குறிப்புகளிலும் மறு அழுத்தல் ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்கு நகர்த்தும். அகச்சிவப்புத் துறை வந்த பாம் III முதல், முகவரிப் பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் உங்கள் முகவரி அட்டை எதிரில் இருப்பவரின் கருவிக்குப் போகும். மின்பொத்தானை அழுத்திப் பிடித்தால் பின்னொளி எரியும். இந்தப் பங்கீட்டில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மறு அழுத்தலுக்குக் கொடுத்திருப்பது, தவறினாலும் நட்டமில்லாத நகர்வு. அழுத்திப் பிடிப்பதற்குக் கொடுத்திருப்பது, எப்போதாவது, தெரிந்தே செய்யும் வேலை. துணை மென்பொருள் எதுவானாலும் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் இந்த வீட்டுக்குள்தான் நுழைகிறது. யாரை வெளியேற்றப் போகிறது என்று கேட்காமல் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

முதல் தேர்வு, எதையும் நிறுவாமல் கிடைப்பது. முன்னமைவுகளில் இருக்கும் பட்டன்ஸ் பக்கத்தில் நான்கு பொத்தான்களுக்கும், திரைக்குக் கீழ் அச்சிட்ட கணிப்பான் படத்துக்கும், விரும்பிய செயலியைக் கொடுக்கலாம். தொட்டிலில் உள்ள, கணினியோடு தரவை ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் பொத்தானையும் அங்கிருந்தே மாற்றலாம். எழுதும் பகுதியிலிருந்து திரையின் உச்சிவரை ஸ்டைலஸால் ஒரு கோடு இழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கும் அங்கே இடம் உண்டு. பின்னொளியை எரியவிடுதல், விசைப்பலகையைத் திறத்தல், கருவியைப் பூட்டி அணைத்தல் போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மனம் மாறினால் ஒரே தட்டலில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த வழியில் ஒற்றை அழுத்தலின் வேகம் துளியும் குறைவதில்லை, கருவி நிலைகுலையும் ஆபத்தும் இல்லை. ஐந்து செயலிகளை மட்டும் அடிக்கடி திறக்கிறவர் இதற்குமேல் எதையும் தேட வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். பலர் இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் துணை மென்பொருளைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இது போதாது என்கிறவர்களுக்கு, பாம் கருவிகளின் இயங்குதளமான பாம் ஓஎஸ்ஸின் முதல் காலகட்டத்தில் கிடைத்தவை ஹேக்குகள். எட்வர்ட் கீஸ் எழுதிய ஹேக்மாஸ்டர் அவற்றுக்கெல்லாம் மேலாளர். லிங்கேசாஃப்டின் எக்ஸ்-மாஸ்டர், டீல்பாயின்டின் டீல்மாஸ்டர் இரண்டும் அதே வேலையைச் செய்யப் பின்னால் வந்தவை. பொத்தான் அழுத்தம் இயங்குதளத்தின் ஒரு குறிப்பிட்ட அழைப்பு வழியாகவே செயலிக்குப் போகிறது. ஹேக் அந்த அழைப்பை மறித்து முதலில் தான் பார்த்துவிட்டு, பிறகு வேண்டுமானால் கடத்திவிடுகிறது. இந்த மறிப்பால்தான் ஒரு பொத்தானுக்குப் பல பொருள் கொடுக்க முடிகிறது: இருமுறை அழுத்துதல், அழுத்திப் பிடித்தல், இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துதல். பெயர்களை ஒப்பிடுவதைவிட இந்த மூன்று முறைகளை ஒப்பிடுவதே தேர்வுக்கு உதவும். ஒவ்வொன்றும் ஒற்றை அழுத்தலிடமிருந்து வெவ்வேறு விலையை வாங்கிக்கொள்கிறது.

இருமுறை அழுத்துதலின் விலைதான் மிக அதிகம். முதல் அழுத்தம் வந்ததும், இன்னொன்று வருமா வராதா என்று மென்பொருள் காத்திருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளி முடியும்வரை எதுவும் திறக்காது. அதாவது, எப்போதாவது திறக்கும் ஐந்தாவது செயலிக்காக, தினமும் திறக்கும் நாட்காட்டி ஒவ்வொரு முறையும் தாமதமாகிறது. இடைவெளியைக் குறைத்தால் மெதுவாக அழுத்துகிறவரின் இரட்டை அழுத்தம் இரண்டு ஒற்றை அழுத்தங்களாகிவிடும். கூட்டினால் எல்லாமே மந்தமாகும். போதாக்குறைக்கு, நாள், வாரம், மாதம் என்று புரட்டும் பழைய வசதியும் இதில் அடிபடுகிறது. அழுத்திப் பிடித்தலில் இரண்டு வகை உண்டு. விரலை எடுத்த பிறகே முதல் செயலியைத் திறப்பது ஒரு வகை. அழுத்தியவுடன் முதல் செயலியைத் திறந்துவிட்டு, விரல் எடுபடாவிட்டால் அங்கிருந்து இரண்டாவதற்குத் தாவுவது இன்னொரு வகை. பின்னதில் முதல் செயலி ஒரு கணம் மின்னி மறைவது கண்ணுக்குக் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் ஒற்றை அழுத்தலுக்கு எந்தச் சேதமும் இல்லை. பாம் செயலிகள் மாறும்போது தம் நிலையைச் சேமித்துக்கொண்டுதான் விலகும் என்பதால் வேலையும் கெடாது. கையிலிருப்பது எந்த வகை என்று அறிய விளக்கக் குறிப்பைப் படிக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் திரையைப் பாருங்கள். அழுத்தியபோதே திறந்தால் வைத்துக்கொள்ளலாம். விரலை எடுத்த பிறகு திறந்தால் வேறு தேடலாம். சேர்த்து அழுத்துவதில் தாமதம் சிறியது. ஆனால் இரண்டு விரல்களும் சரியாக ஒரே கணத்தில் பதிய வேண்டும், ஒரு கையால் அது எளிதில்லை. ஒரு விரல் முந்தினால் வேறேதோ திறந்துகொள்ளும்.

கால் விநாடித் தாமதத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டைலஸை உருவி, செயலிப் பட்டியலைத் திறந்து, படத்தைத் தேடித் தட்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் இருமுறை அழுத்துதல் எவ்வளவோ வேகம் என்பது அவர்கள் வாதம். அந்த ஐந்தாவது செயலியை மட்டும் பார்த்தால் அது முழுக்கச் சரி. ஒரு கையில் பையோடு நிற்கிறவருக்கு ஸ்டைலஸை உருவுவது பெரிய வேலை. ஆனால் இலாபம் ஐந்தாவது செயலிக்கு, நட்டம் முதல் நான்குக்கும். எது எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. மேலும், கால் விநாடி என்பது கடிகாரக் கணக்கு. கை அனுபவிப்பது வேறு. அழுத்தியும் திரை அசையாவிட்டால் அழுத்தம் பதியவில்லை என்று நினைத்து விரல் தானாக மறுபடி அழுத்திவிடும். உடனே அது இருமுறை அழுத்தமாகி, கேட்காத செயலி வந்து நிற்கும். தாமதமே பிழையை உண்டாக்குகிறது. இரண்டாவது அடுக்கு வேண்டியே தீரும் என்றால், எந்தப் பொத்தானின் முதல் வேலைக்கு அவசரம் குறைவோ அதற்கு மட்டும் கொடுங்கள். நாட்காட்டியையும் முகவரியையும் விட்டுவிடுங்கள். பொத்தான்வாரியாக இயக்கவும் நிறுத்தவும் இடம் தராத மென்பொருளை இந்த ஒரு குறைக்காகவே ஒதுக்கலாம்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பும் இன்னொரு வழிக்கு வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. ஒரு பொத்தானை, நாலைந்து செயலிகளுக்குப் பங்கிடாமல், முழுமையாக ஒரு நல்ல துவக்கிக்குக் கொடுத்துவிடலாம். லாஞ்சர் III, சில்வர்ஸ்கிரீன், ஸீலாஞ்சர் போன்றவை செயலிகளைத் தாவல்வாரியாக அடுக்கிக் காட்டுபவை. பெரிய படங்களாக வைத்துக்கொண்டால் ஸ்டைலஸ் வேண்டாம், கட்டைவிரலே போதும். ஓர் அழுத்தம், ஒரு தட்டல். நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் எதுவும் இல்லை. பார்க்காமல் செய்ய முடியாது என்பது உண்மையான குறைதான். ஆனால் பார்க்காமல் திறக்க வேண்டிய அளவுக்குப் பழகிய செயலிகள் நான்குக்குமேல் யாருக்கும் இருப்பது அரிது. அவற்றுக்குத் தனிப் பொத்தான் இருக்கத்தான் செய்கிறது.

2002-இல் டங்ஸ்டன் டி கருவியோடு பாம் ஓஎஸ் 5 வந்தபோது நிலைமை மாறியது. ஏஆர்எம் செயலகத்துக்கு மாறிய அமைப்பில் பழைய மென்பொருள்கள் ஒரு போலச்செய்யும் அடுக்கின் மேல் ஓடின. இயங்குதளத்தின் உள் அழைப்புகள் அந்த அடுக்குக்குக் கீழேயே நடந்ததால், மறித்து நிற்கும் ஹேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மறிக்க எதுவும் அகப்படவில்லை. இதற்கு மாற்றாக, ஓஎஸ் 3.5-இல் தொடங்கிய அறிவிப்பு முறை இருந்தது. ஒரு செயலி முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால், நிகழ்வு வரும்போது இயங்குதளமே அதற்குத் தெரிவிக்கும். பின்வந்த பதிப்புகளில் பொத்தான் அழுத்தமும் அதில் சேர்ந்தது. ஆகவே கருவி ஓஎஸ் 5 என்றால் ஹேக் வகையை அறவே விடுத்து, இந்த முறையில் எழுதப்பட்டதையே தேட வேண்டும். ட்ரியோவுக்கு ஹாபியிஸ்ட் சாஃப்ட்வேர் தந்த பட்லர் போன்றவை அந்தக் காலத்தவை. ட்ரியோக்காரர்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு, விசைப்பலகையில் உள்ள ஆப்ஷன் விசை. அதோடு சேர்த்து அழுத்தும்போது பொத்தான் வேறு செயலியைத் திறக்கும்படி ட்ரியோ 650-இன் முன்னமைவிலேயே அமைக்கலாம். எது முதல் வேலை, எது இரண்டாவது என்பது ஆப்ஷனைத் தொட்டபோதே தீர்மானமாகிவிடுவதால் காத்திருப்பே இல்லை. எல்லா முறைகளிலும் சுத்தமானது இதுதான்.

ஹேக் வகையைத் தேர்ந்தவர்கள் மீட்கும் வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு ஹேக்கை நீக்குமுன்பும் புதிய பதிப்பை ஏற்றுமுன்பும் மேலாளரில் அதன் குறியை எடுத்துவிடுவது கட்டாயம். இல்லையென்றால் இல்லாத இடத்துக்கு அழைப்பு போய் கருவி உறைந்துவிடும். உறைந்தால் பின்பக்கத் துளையில் ரீசெட் செய்ய வேண்டும். பாம் III-இன் ஸ்டைலஸ் தலையைத் திருகினால் அதற்கான ஊசி உள்ளேயே இருக்கும். மேல்நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ரீசெட் செய்தால் ஹேக்குகள் எழாமல் கருவி மட்டும் எழும். மின்பொத்தானைப் பிடித்தபடி செய்தால் எல்லாத் தரவும் அழிந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ட்ரியோ 650-க்கு முந்தைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் தரவு மின்கலத்தை நம்பியே நிற்கிறது என்பதால், எதையும் நிறுவுமுன் ஒரு ஹாட்சிங்க் செய்துகொள்வது நல்லது.

கடைசியாக விளையாட்டுகள். அவை பொத்தான்களை அழுத்தி அழுத்தியே ஆடப்படுபவை, அழுத்திப் பிடிப்பதும் அதிகம். குறிப்பிட்ட செயலிகளில் மட்டும் ஒதுங்கி நிற்கும் விலக்குப் பட்டியல் மென்பொருளில் இல்லையென்றால், ஆட்டத்தின் நடுவே அகராதி திறந்துகொள்ளும். விளையாடுகிறவர் நிறுவிய அன்றே அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டன்ஸ் பக்கத்தோடு நின்றுகொள்ளலாம்.