ஒரு பெட்டி, ஐந்து பை

ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. டெல்லியில் ஒரு சின்ன அறை. பத்து அடி நீளம். எட்டு அடி அகலம். அதற்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

கட்டிலின் மேல் துணிக் குவியல். கட்டிலுக்கு அடியில் பாத்திர மூட்டை, பழைய செருப்பு, ஓடாத ஃபேன். மூலையில் இரண்டு ரஜாய். குளிர்காலம் போய் நாலு மாதம் ஆகிறது. ரஜாய் மட்டும் மூலையை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கார அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தினமும் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார், தரை துடைக்கிறார். அந்த நாலு வீடுகளும் பளிச்சென்று இருக்கின்றன. தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தால் அவருக்கு மலைப்பாக இருக்கிறது. எதை முதலில் எடுப்பது? எடுத்ததை எங்கே வைப்பது?

அப்போது மகள் கேட்டாள்.

"அம்மா, என் சாதிச் சான்றிதழ் எங்கே? நாளைக்கு ஸ்கூல்ல நகல் கொடுக்கணும்."

"சாமி படத்துக்குப் பின்னால பாரு."

"இல்லம்மா."

"அரிசி டின்ல பாரு. இல்லேன்னா உங்கப்பா பழைய பேன்ட் பையில இருக்கும்."

அரிசி டின்னில் ரேஷன் கார்டு இருந்தது. பேன்ட் பையில் ஒரு அடகுச் சீட்டு இருந்தது. சான்றிதழ் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் வீடாகவும் இருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஐந்து பேர் வாழும் ஒரே அறையில் சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் நடக்க வேண்டும். சாமான் குவியத்தான் செய்யும்.

வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்ய முடியாது. முயன்றால் பாதியில் சோர்ந்து போவோம். குவியல் மறுபடி குவியலாகும். ஆகவே ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். காகிதங்களைச் சேர்க்கும் வேலை. கரண்டி தொலைந்தால் வேறு வாங்கலாம். காகிதம் தொலைந்தால் எத்தனை நாள் கூலி போகும் என்று சொல்ல முடியாது.

மதராசி கேம்ப் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். டெல்லியில் ஜங்புரா பகுதியில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. பாராபுல்லா என்ற பெரிய வாய்க்காலின் கரையில் அமைந்த குடிசைப் பகுதி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே பல பத்தாண்டுகளாக வாழ்ந்தார்கள். பெண்கள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்தார்கள்.

மழைக் காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும், அதற்கு இந்த இடம் காலியாக வேண்டும் என்று வழக்கு நடந்தது. 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2025 ஜூன் 1-ஆம் தேதி வீடுகள் இடிக்கப்பட்டன.

அங்கே சுமார் 370 குடும்பங்கள் இருந்தன. தகுதி உள்ளவர்கள் என்று கணக்கெடுப்பில் முடிவான குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நரேலா நகரின் வடக்கு ஓரத்தில், வெகு தூரத்தில் இருக்கிறது. 150-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அந்த வீடும் இல்லை.

தகுதியை எப்படிப் பார்த்தார்கள்? டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி பார்த்தார்கள். அதில் ஒரு தேதி இருக்கிறது. 2015 ஜனவரி 1. அந்தத் தேதிக்கு முன்பே அந்தக் குடிசையில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். அதோடு அந்தத் தேதிக்கு முன் கொடுக்கப்பட்ட ஒரு காகிதமும் வேண்டும். ரேஷன் கார்டு, கரன்ட் பில், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், ஓய்வூதியக் காகிதம் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன.

பத்து வருஷத்துக்கு முந்திய கரன்ட் பில்! அதை யார் வைத்திருப்பார்கள்? பணம் கட்டியதும் அதில் கணக்கு எழுதுவோம். அல்லது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவோம்.

வாழ்நாள் முழுவதும் ஓர் ஊருக்கு உழைத்தவரிடம் காகிதத்தைக் காட்டு என்று கேட்பது நியாயமா? அது பெரிய கேள்வி. கூடிப் பேச வேண்டிய கேள்வி. எல்லாக் காகிதமும் இருந்தால் வீடு நிச்சயம் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்கும்போது எடுத்துக் காட்ட முடியாமல் நிற்கும் நிலையாவது நமக்கு வேண்டாம்.

அந்த அம்மா எழுந்தார். கட்டில் மேல் கிடந்த துணியை ஓரமாகத் தள்ளினார். ஒரு பழைய சேலையை விரித்தார்.

"காகிதம் எது கிடைச்சாலும் இதுல போடு. இப்போ படிக்காதே. போட்டுக்கிட்டே போ" என்றார்.

மகள் சாமி படத்தின் பின்னாலிருந்து எடுத்தாள். அம்மா தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தார். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த தாளையும் விடவில்லை. அரை மணி நேரத்தில் சேலையில் ஒரு சின்ன மலை சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வீடு காலி பண்றீங்களா?"

"இல்லம்மா. வீட்டைத் தேடுறோம்" என்றார் அம்மா. மூவரும் சிரித்தார்கள்.

பிறகு பிரித்தார்கள். ஐந்து குவியல்.

முதல் குவியல், ஆட்களின் காகிதம். ஆதார், வாக்காளர் அட்டை, பிறப்புச் சான்று, சாதிச் சான்று. இரண்டாவது, வீட்டின் காகிதம். ரேஷன் கார்டு, கரன்ட் பில், வாடகை ரசீது, கணக்கெடுப்பில் கொடுத்த சீட்டு. மூன்றாவது பணம். பாஸ்புக், இன்ஷூரன்ஸ், அடகுச் சீட்டு. நான்காவது பள்ளி. ஐந்தாவது ஆஸ்பத்திரி. சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய சீட்டும் எக்ஸ்ரேயும் அதில் போயின. ஊரில் உள்ள காணி நிலத்தின் பட்டா நகல் ஒன்றும் வந்தது. அதை வீட்டுக் குவியலில் வைத்தார்கள்.

கரன்ட் பில் நிறைய இருந்தது. எல்லாம் வேண்டுமா? இடம் இருந்தால் எல்லாம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு பில் வையுங்கள். எல்லாவற்றிலும் பழையது எதுவோ, அதை ஒருநாளும் போடாதீர்கள். அதுதான் மிக உதவும்.

பிரிக்கும்போது பெயரையும் படியுங்கள். டெல்லியில் வாழும் தமிழருக்கு இது தனித் தொல்லை. நாம் சொல்லும் பெயரை இந்திக்காரர் தம் காதில் விழுந்தபடி எழுதுகிறார். முருகேசன் ஒரு காகிதத்தில் முர்கேஷ் ஆகிவிடுகிறார். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. ஓர் அட்டையில் கே. முருகேசன். இன்னோர் அட்டையில் முருகேசன் கந்தன். இரண்டும் ஒரே ஆள்தான். அதிகாரிக்கு அது இரண்டு பேராகத் தெரியலாம். பெயர், பிறந்த தேதி, முகவரி இந்த மூன்றும் எங்கே மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவசரம் இல்லாத நாளில் ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.

இன்னொன்று. வாக்காளராக ஒருவர் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஊரிலும் டெல்லியிலும் இரண்டு பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. எங்கே இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். அட்டை கையில் இருக்கும். பட்டியலில் பெயர் இருக்காது. இப்படியும் நடக்கிறது.

இனி பை வேண்டும். கடைக்குப் போக வேண்டியதில்லை. பத்து கிலோ ஆட்டா வரும் பிளாஸ்டிக் பை கெட்டியாக இருக்கும். அதைக் கழுவுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நன்றாகக் காய வையுங்கள். மாவு ஒட்டியிருந்தால் பூச்சி வரும். ஐந்து பைகளுக்கு ஐந்து குவியல். வாயை இரண்டு மடிப்பு மடித்துத் துணி மாட்டும் கிளிப் போடுங்கள். ஈரமான காகிதத்தைப் பைக்குள் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும். நனைந்த தாளை நிழலில், பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்துங்கள்.

பின் குத்த வேண்டாம். துருப் பிடித்துத் தாள் கிழியும். சான்றிதழை லேமினேஷன் செய்யவும் வேண்டாம். அதன் மேல் பிறகு முத்திரை வைக்க முடியாது. ஏடிஎம் சீட்டு, மெஷினில் வரும் பில் இவற்றில் எழுத்து மையால் எழுதியது அல்ல. சூட்டில் கறுக்கும் தாள் அது. நாளானால் எழுத்து மறைந்துபோகும். முக்கியமானது என்றால் உடனே நகல் எடுத்துவிடுங்கள்.

ஐந்து பைகளும் ஒரு தகரப் பெட்டிக்குள் போகட்டும். பிஸ்கட் டின் போதும். பெரிய காகிதம் இருந்தால் கெட்டித் துணிப் பை ஒன்று தைத்துக்கொள்ளலாம். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். தரையிலும் வைக்காதீர்கள்.

2023 ஜூலை 13-ஆம் தேதி டெல்லியில் யமுனை 208.66 மீட்டர் உயரம் வரை வந்தது. அதற்கு முன் அவ்வளவு உயரம் யாரும் அளந்ததில்லை. 1978 வெள்ளத்தில்கூட 207.49 மீட்டர்தான். கரையோரத்தில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அப்படி ஓடும்போது ஒரு கையில் குழந்தை இருக்கும். மற்றக் கையால் எடுக்கும்படி பெட்டி இருக்க வேண்டும். சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு கெட்டியான ஆணி. அதில் கைப்பிடி உள்ள பை. பைக்குள் பெட்டி. வீட்டில் எல்லோருக்கும் இடம் தெரிய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஊரில் அண்ணன் வீட்டில் வைக்கலாம். போனில் படமும் எடுத்து வையுங்கள். அசல் காகிதத்தை வேலை கொடுப்பவரிடமோ தரகரிடமோ விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள். திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சான்றிதழ் கிடைத்தது. யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை உறைக்குள் இருந்தது. ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. எண்ணும் முத்திரையும் தப்பியிருந்தன.

கட்டில் காலியாக இருந்தது. அம்மாவுக்கு ஒரு தைரியம் வந்தது. பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு எட்டுச் செங்கல் வாங்கி வந்தார். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல். படுக்க வைத்து அடுக்கினார்கள். நிற்க வைத்தால் சாயும். கட்டில் ஆறு அங்குலம் உயர்ந்தது. ரஜாய் இரண்டையும் வெயிலில் உதறி, பழைய சேலையில் கட்டி, வேப்பிலைச் சருகு போட்டு அடியில் தள்ளினார்கள். மூலையில் தரை தெரிந்தது. கிழிந்த பேன்ட்டின் பைகளை வெட்டி ஒரு துணியில் தைத்தால் சீப்பு, சாவி, மருந்து வைக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

இரவு அம்மா பேனாவை எடுத்தார். ஐந்து அட்டைத் துண்டுகளில் தானே எழுதினார். ஆட்கள். வீடு. பணம். பள்ளி. ஐந்தாவது சொல் கடினமாக இருந்தது. மகள் சொல்லச் சொல்ல எழுதினார். "ஸ்" எழுதும் இடத்தில் கை நின்றது. "ஆசுபத்திரி" என்று எழுதி முடித்தார்.

"தப்பும்மா" என்றாள் மகள்.

"எனக்குப் புரியுது இல்ல?" என்றார் அம்மா.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் இப்படி எழுதினார்கள்.

எங்கள் காகிதம்
ஆதார் – 5 பேருக்கும் இருக்கிறது
வாக்காளர் அட்டை – அம்மாவுக்கு இருக்கிறது. அப்பாவுக்கு இருக்கிறது, பெயரில் தப்பு
பழைய கரன்ட் பில் – 2013, 2014 இருக்கிறது
பிறப்புச் சான்று – மகளுக்கு இருக்கிறது. சின்னவனுக்கு இல்லை, கேட்டு வாங்க வேண்டும்

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் கரன்ட் பில் இருக்கிறதா? மிகப் பழைய பில்லைத் தேடி எடுங்கள். அதில் உள்ள பெயர், முகவரி, தேதி மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். வாக்காளர் அட்டையில் உள்ள பெயரை அதன் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.