கிணற்றில் இறங்குவோனும் கரையில் நிற்போனும்

கோடையில் நீர் வற்றியதும் கிணறுகளில் தூர் வாருவதும் அவற்றை ஆழப்படுத்துவதும் குடியானவர்களின் வழக்கம். இவ்வேலையில் நேரும் மரணம் பல சமயங்களில் ஒருவனோடு நிற்பதில்லை. உள்ளே சென்றவன் சோர்ந்து விழக் கண்டு அவனைத் தூக்கத் தம்பி இறங்குகிறான், தம்பியைத் தூக்க அண்டை வீட்டுக்காரன் இறங்குகிறான், மூவரும் மீள்வதில்லை. இத்தகைய அடைபட்ட இடங்களில் மடிந்தோரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிறரைக் காக்கச் சென்றவர்களே என்று அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986-ஆம் ஆண்டில் எச்சரித்தது.

இதற்குக் காரணம் பேயுமன்று, பிசாசுமன்று. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு பிராணவாயு உண்டு. பாழ்ங்கிணற்றில் தழையும் சருகும் அழுகும்போது அது குறைந்து, கரியமில வாயு பெருகுகிறது. காற்றினும் சுமார் ஒன்றரை மடங்கு கனமான இவ்வாயு அடியில் தங்கும். பிராணவாயு 10 பங்குக்குக் கீழ்க் குறையின், இறங்கியவன் கூவி அழைக்கவும் அவகாசமின்றி மூர்ச்சையாவான்.

முன்னோர் விளக்கை இறக்கிப் பார்த்தனர். பிராணவாயு மிகக் குறைந்தால் விளக்கு அணையும் என்பது மெய்யே. ஆயினும் விளக்கு எரிவதைக் கொண்டு அபாயமில்லை எனத் துணிதல் தவறு. விஷவாயு கலந்திருப்பினும் அது எரியும். எரிவாயு தங்கியிருப்பின் தீப்பற்றும்.

ஆதலின் அங்கத்தினர் பின்வரும் விதிகளைக் கைக்கொள்ள வேண்டும்:

1. காற்றை அளக்கும் கருவியால் அடிமட்டம் வரை சோதித்த பின்னரே ஆள் இறங்கலாம். கருவி இல்லையேல் இறங்குதல் கூடாது.

2. வேலை முடியும் வரை யந்திரத்தால் புதுக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றினுள்ளோ வாயருகிலோ ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷம்.

3. இறங்குவோன் மார்பிலும் தொடையிலும் வார் பூட்டி, அதில் வடத்தைப் பிணைத்திருக்க வேண்டும். வடத்தின் மறுமுனை கப்பியின் வழியாகக் கரையிலுள்ளோர் கையில் இருத்தல் வேண்டும்.

4. கரையில் நிற்போன் வேறு வேலை எதிலும் ஈடுபடலாகாது. அடிக்கடி குரல் கொடுத்துப் பதில் கேட்க வேண்டும். பதில் தாமதித்தாலும், தலை சுற்றுகிறதென்று கேட்டாலும், உடனே மேலே இழுத்துவிட வேண்டும்.

5. எக்காரணத்தாலும் அவன் பின்தொடர்ந்து குதிக்கலாகாது. வடத்தை இழுப்பதும், 112 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்புவதுமே அவன் கடமை. கரையில் நிலைத்து நிற்பது கோழைத்தனமன்று. கீழுள்ளவனுக்கு எஞ்சிய ஒரே துணை அவனே.

இக்கருவிகளைத் தனியொரு குடியானவன் வாங்குதல் அரிது. சங்கம் அவற்றை வாங்கி வைத்து, ஏர்க்கருவிகளைப்போல் முறை வைத்து அங்கத்தினருக்கு உதவலாம். ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நிற்பது சங்கத்தின் பழக்கம். வடத்தைப் பிடித்துக் கரையில் நிற்பவன் அண்டை வீட்டானின் உயிருக்கே ஜாமீன் நிற்கிறான்.