காலரா முகாமும் நம் கணக்குப் பாடமும்



மலர்க்குழுவில் "உன் துறை சம்பந்தமா ஏதாவது எழுது" என்றார்கள். நான் சிவில் இரண்டாம் ஆண்டு. சிமெண்டைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். நான் காலரா சிகிச்சை முகாம் பற்றி எழுதுகிறேன். அதற்கும் சிவிலுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். அப்பாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. வீட்டில் படிப்பு என்பது என்னிலிருந்துதான் தொடங்குகிறது. போன வருடம் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் இருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா திடீரென்று அழுதுவிட்டது. அதற்குப் பத்து வயது இருக்கும்போது அதன் தம்பி வாந்திபேதியில் இறந்திருக்கிறான். அப்போது ஊருக்கு ரோடு கிடையாது. "தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுத்தா பேதி கூடும்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் சொம்பை எடுத்து ஒளிச்சு வச்சேன்" என்றது. அறுபது வருடத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றுதான் இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

காலராக் கிருமி குடலுக்குள் புகுந்து ஒரு நச்சை விடுகிறது. 1959-இல் இந்த நச்சைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. நச்சு பட்டதும் குடல் சுவர், வால்வு பழுதான குழாய் மாதிரி, உடம்பிலுள்ள தண்ணீரையும் உப்பையும் வெளியே கொட்டுகிறது. கடுமையான நோயாளி சில மணி நேரத்திலேயே இறந்துவிடலாம். வைத்தியம் இல்லாவிட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்வரை சாகலாம். ஒழுங்காக நடக்கும் முகாமில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது இழந்த நீரையும் உப்பையும் அளந்து திருப்பிக் கொடுப்பதுதான். ஆன்டிபயாடிக் துணைக்கு மட்டும்.

கொடைக்கானல் ஊரே நோய்க்குப் பயந்து உருவானது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்த பிறகு, 1845-இல் மலைமேல் இரண்டு பங்களா கட்டினார்கள். வசதி இருந்தவர்கள் நோயை விட்டு மேலே ஏறினார்கள். நோயும் பின்னாலேயே ஏறி எங்கள் மாதிரி ஊர்களுக்கு வந்தது. இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1992 கடைசியில் சென்னையிலும் மதுரையிலும் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டி, கல்கத்தா, வங்கதேசம்வரை பரவியது. பழைய வகைக்கு எதிராக உடம்பில் இருந்த எதிர்ப்பு சக்தி இதனிடம் செல்லவில்லை.

இப்போது 1971-க்கு வருவோம். வங்கதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரம் போங்காவ் ஊர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கென்று இருந்தது இரண்டே அறை, பதினாறு கட்டில். மற்றவர்கள் தரையில், கழிவின்மேலேயே கிடந்தார்கள். டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் ஊசி போட்டார். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் நிறுத்துப் பாலிதீன் பைகளில் அடைத்து, போங்காவில் டிரம்மில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவும் அண்ணனும் டம்ளரில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தார்கள். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பலர் அப்போது இதை நம்பவில்லை. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

சர்க்கரை எதற்கு? குடலில் குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து நுழைகிற ஒரு வாசல் இருக்கிறது. காலரா நச்சால் அந்த வாசலை அடைக்க முடியாது. உப்பு உள்ளே போனால் தண்ணீர் பின்னால் போகும். வெறும் தண்ணீர் போதாது. அதனால் அப்பத்தாவிடம், "நீ சொம்பைக் கொடுத்திருந்தாலும் பொழச்சிருப்பான்னு சொல்ல முடியாது, அப்ப டாக்டருங்களுக்கே இது சரியாத் தெரியாது" என்றேன். அது பதில் சொல்லவில்லை.

சரி, முகாமுக்கு வருவோம். வந்தவுடன் வாசலிலேயே பிரிக்க வேண்டும். குடிக்க முடிகிறவருக்குக் கரைசல்: உடலில் நீர் ஓரளவு வற்றியிருந்தால் கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். நினைவு தப்பியவருக்கு, நாடி கிடைக்காதவருக்கு ரிங்கர் லாக்டேட் நரம்பில்: கிலோவுக்கு 100 மில்லி. 50 கிலோ ஆள் என்றால் ஐந்து லிட்டர். முதல் அரைமணியில் ஒன்றரை, மீதி மூன்றரை அடுத்த இரண்டரை மணியில். ஒரு வயதுக்குக் கீழான குழந்தைக்கு இதையே மெதுவாக, ஆறு மணி நேரத்தில். கட்டிலின் நடுவில் ஓட்டை, கீழே அளவுக்கோடு போட்ட வாளி. வாளியில் விழுந்ததைப் பார்த்து நோட்டில் எழுதி, அதற்கு ஈடாக மறுபடி கொடுக்க வேண்டும். வாளியைப் பார்க்காத முகாமில் டாக்டர் இருந்தும் பயனில்லை.

இனி நம் பாடம். நோயாளி ஒருவருக்கு நாளைக்கு 60 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. முப்பது பேருக்கு 1,800. கூட இருப்பவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து தனி. ஆக 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒரு நாளைக்கே பத்தாது. குளோரின் கரைசல் மூன்று பலத்தில் வேண்டும்: கை கழுவ 0.05 சதவீதம், தரைக்கு 0.2, வாளிக் கழிவுக்கு 2. பிளீச்சிங் பவுடரில் குளோரின் 30 சதவீதம் என்று வைத்தால், பத்து லிட்டருக்கு முறையே 17, 67, 670 கிராம். ஆனால் மூட்டையைத் திறந்து போட்டால் பலம் இறங்கிவிடும்; 15 சதவீதம் ஆகிவிட்டால் இரண்டு மடங்கு போட வேண்டும். இதைச் சோதிக்காமல் கரைப்பவர்கள் வெறும் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் தெளிக்கிறார்கள்! நம் கெமிஸ்ட்ரி லேபில் தூங்கிக்கொண்டு செய்த டைட்ரேஷன் இதற்குத்தான் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

கழிவுக்குழி நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. மலையில் 30 மீட்டரை மட்டும் நம்பக் கூடாது, சரிவையும் பார்க்க வேண்டும். ஊற்றுக்கு மேலே குழி வெட்டினால் ஊருக்கே கலக்கிக் கொடுத்த மாதிரி. பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. பாலாறு பொருந்தலாறு அணைக்கு வருவதும் எங்கள் மலைத் தண்ணீர்தான். மேலே செய்யும் தப்புக்குக் கீழே இருப்பவன் பேதியாவான்.

சர்வே கேம்ப் முடிந்து லீவில் போனபோது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை முகாமாக்கினால் எப்படி என்று ஒரு பிளான் வரைந்தேன். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, இரண்டிலும் கை கழுவும் இடம், மேல் மூலையில் தொட்டி, பின்பக்கம் கழிவுக்குழி. ஓடையிலிருந்து 40 மீட்டர் இருந்தது. பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, படத்தைத் தலைகீழாகத்தான் பிடித்தார். இது பள்ளிக்கூடம், இது ஓடை என்று விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐப்பசி மழைக்கு அந்தப் பின்பக்கத்துல முழங்கால் தண்ணி ஓடும்ல, நேரா ஓடைக்குத்தானே போகுது?" என்றார்.

குழியை அழித்துவிட்டுக் கிழக்குப் பக்க மேட்டில் வரைந்திருக்கிறேன். அங்கே பாறை எத்தனை அடியில் வருகிறது என்று அடுத்த லீவில் தோண்டிப் பார்க்க வேண்டும்.