மண்ணுக்குள் செல்வம்

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்தன. ஆண்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். வெட்டியவர்கள் லைன் வீட்டில் வாழ்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது.

மண்ணுக்குள் செல்வம் இருந்தால் போதுமா? ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளைப் பாருங்கள்.

போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றது. அப்போது அது மிக ஏழை நாடு. 1967-இல் அங்கே வைரம் கிடைத்தது. வைரப் பணம் அரசு கஜானாவுக்குப் போனது. பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரி வந்தன.

காங்கோவில் வைரமும் உண்டு, தங்கமும் உண்டு, செம்பும் உண்டு. 1965 முதல் 1997 வரை மொபுட்டு ஆண்டார். நாட்டுப் பணத்தைத் தன் சொத்தாக்கினார். மக்கள் ஏழைகளாகவே இருந்தார்கள்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஆண்டுதோறும் நாடுகளுக்கு மார்க் போடுகிறது. ஊழல் குறைந்தால் மார்க் கூடும். 2024-இல் நூற்றுக்கு டென்மார்க் 90, போட்ஸ்வானா 57, இந்தியா 38, காங்கோ 20.

ஐ.நா. சபை இன்னொரு கணக்கு எடுக்கிறது. மக்களின் ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் பார்க்கிறது. இதன் பெயர் மனித வளர்ச்சி. 2025 அறிக்கையில் டென்மார்க் 4-ஆம் இடம், போட்ஸ்வானா 111, இந்தியா 130. காங்கோ வெகு கீழே.

ஊழல் மட்டுமே காரணம் அல்ல. போரும் நோயும்கூட நாட்டைக் கெடுக்கும். ஆனால் பணம் வழியில் ஒழுகினால் பள்ளிக்கு வந்து சேராது. படிக்காத மக்களை ஏமாற்றுவதும் எளிது.

நம் ஊருக்கு வருவோம். ஒருவர் விடியலில் ரயிலேறி, பெங்களூரு போய்க் கூலி வேலை செய்கிறார். சான்றிதழுக்கு லஞ்சம் கேட்டால், ஒரு நாள் கூலியே போய்விடும். அது பிள்ளையின் நோட்டுப் புத்தகக் காசு.

இதற்காகக் கர்நாடகத்தில் 2011-இல் 'சகால' சட்டம் வந்தது. மனு கொடுத்தால் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்று அதில் இருக்கும். தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் வீதம், 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம்.

சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேதியை நீங்களே படியுங்கள். எழுத்துத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

பேசுவோம்
1. போட்ஸ்வானாவும் காங்கோவும் எதில் வேறுபட்டன?
2. ஒப்புகைச் சீட்டில் என்ன இருக்கும்?
3. லஞ்சம் கொடுத்த பணத்தில் வீட்டுக்கு என்ன வாங்கியிருக்கலாம்? எழுதுங்கள்.