வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்ற பழமரம் எது?

ரம்புத்தான் பருவம் வந்துவிட்டால் நமது தோட்டப்புறங்களில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான். தின்ற பழத்தின் கொட்டையை வீட்டின் பின்புறம் எறிகின்றோம். மழை பெய்ததும் அது முளைக்கின்றது. முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் வேலி கட்டி வளர்க்கின்றோம். ஆறேழு ஆண்டுகள் கழிகின்றன. மரம் கூரைக்கு மேல் உயர்ந்து பூக்கின்றது, தேனீக்கள் மொய்க்கின்றன. ஆனால், ஒரு காயைக்கூடக் காணோம். அடுத்த ஆண்டும் அப்படியே. "ராசியில்லாத மரம்" என்று கூறி அதனை வெட்டி விறகாக்கிவிடுகின்றோம்.

குற்றம் ராசியில் இல்லை. நமது தேர்வில்தான் உள்ளது. ரம்புத்தானில் ஆண் மரம் உண்டு. அது பூக்கும், காய்க்காது. கொட்டையிலிருந்து முளைக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமைந்துவிடுகின்றன. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். ரம்புத்தான் இப்பழமொழிக்கு அடங்காது. பூக்கும் வரையில் அது காய்க்கும் மரமா, காய்க்காத மரமா என்று நாம் கண்டறிய இயலாது.

எனவே, ஒரு கன்றை நடுவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். இவ்வீட்டில் எத்தனை ஆண்டுகள் இருப்போம்? நமக்குள்ள இடம் எவ்வளவு? கன்று எத்தகைய தாய்மரத்திலிருந்து வந்தது?

காலம்

தோட்டத்து வீடு நிர்வாகத்துக்குரியது. பெரும்பாலும் வேலை உள்ளவரையில்தான் வீடும். 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் மலேசியாவில் தனியார் துறையில் பணி ஓய்வுக்கான குறைந்தபட்ச வயது 60 என்று சட்டம் வகுத்துள்ளது. தோட்டம் கைமாறுவதும், பால்மரங்களை அழித்துச் செம்பனை நடுவதும் நாம் கண்டறிந்தவையே. வீட்டைக் காலி செய்யும் நாளில் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றலாம். மரத்தை ஏற்ற முடியாது. இவ்வுண்மை கசப்பானதே. எனினும், இதனை மறந்து நட்டால் நமது உழைப்பின் பயன் நமக்குக் கிட்டாமற் போகும்.

ஓரிரு ஆண்டுகளே இருக்கக் கூடியவர்கள் வாழை, பப்பாளி, அன்னாசி ஆகியவற்றை நடலாம். பப்பாளி ஒன்பது பத்து மாதங்களிலும், வாழை ஏறத்தாழ ஓராண்டிலும் பலன் தரும். நான்கைந்து ஆண்டுகள் இருப்போர்க்கு ஒட்டு ரம்புத்தானும், பதியமிட்ட கொய்யா, சிக்கு, எலுமிச்சை ஆகியனவும் ஏற்றவை. ஒட்டு ரம்புத்தான் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

மங்குஸ்தீனின் நிலை வேறு. அதன் விதை தாய்மரத்தின் குணத்தை மாறாமல் தருவதால் விதைக்கன்றையே அச்சமின்றி நடலாம். ஆயினும், காய்ப்பதற்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகக்கூடும். அதனையும் டுரியானையும் சொந்த மனை உடையவர்கள் அங்கே நடுவதே நன்று.

இடம்

கன்று சிறியதாக இருக்கும்போது இடம் தாராளமாகத் தோன்றும். வளர்ந்த பிறகுதான் நெருக்கடி தெரியும். ரம்புத்தானுக்குச் சுற்றிலும் 25 முதல் 30 அடி வரை இடைவெளி வேண்டும். கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றுக்கு 15 அடி போதும். பப்பாளிக்கு 8 அடி போதுமானது. டுரியானை வீட்டருகே நடுதல் ஆகாது. அதன் பழம் கூரையின் மீதும் தலையின் மீதும் விழும் ஆபத்து உண்டு. லயத்து வீட்டின் பின்புறம் குறுகலாக இருந்தால், பெரிய மரம் ஒன்றை நட்டு அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் கொள்வதைவிட, ஓர் எலுமிச்சையும் இரண்டு பப்பாளியும் வைப்பது அறிவுடைமை. மின்கம்பிக்குக் கீழும் கால்வாய் ஓரத்திலும் மரம் வேண்டா. எதை நடுவதாயினும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பழைய பால்மரத்தின் அடிக்கட்டை மக்கிக் கிடக்கும் இடத்தில் பழமரம் நட வேண்டா. வெள்ளை வேர் நோயை உண்டாக்கும் காளான் அக்கட்டையில் நீண்ட காலம் தங்கியிருந்து, பலா போன்ற மரங்களின் வேரையும் தாக்கவல்லது. அவ்விடத்தில்தான் நட வேண்டுமெனில், கட்டையையும் வேர்களையும் முற்றாகத் தோண்டி அகற்றிய பின்னரே நடுதல் வேண்டும்.

தாய்மரம்

நல்ல ரம்புத்தான் வகைகளுக்கு விவசாய இலாகா எண் வழங்கிப் பதிவு செய்துள்ளது. ஆர் 134 சிவப்பு நிறப் பழம் தருவது. ஆர் 156, மூவார் காடிங் எனப்படும் மஞ்சள் நிறப் பழம். ஆர் 191, அனாக் செக்கோலா எனும் தாய்லாந்து வகை. கன்று வாங்குவோர், விவசாய இலாகாவின் சான்று பெற்ற நாற்றுப் பண்ணையில் வகையின் எண்ணைக் கேட்டு வாங்குதல் நலம்.

ஆயினும், விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பால்மரக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டிய கைகள் நம்மிடையே உள்ளன. மிகுந்த பால் தரும் மரத்தின் கண்ணை எடுத்து வேறொரு கன்றில் பொருத்தும் அம்முறை 1910-களில் ஜாவாவில் வளர்ந்து, பின்னர் இந்நாட்டுத் தோட்டங்களிலும் பரவியது. ரம்புத்தானுக்கும் ஏறத்தாழ அதே முறைதான்.

புதிய கொட்டைகளைக் கழுவி உடனே பையில் ஊன்றவேண்டும். காய்ந்த கொட்டை முளைக்காது. செடியின் தண்டு பென்சில் பருமன் ஆனதும் ஒட்டுக் கட்டலாம். நன்றாகக் காய்க்கும் மரத்தில் நலமான கிளை ஒன்றைத் தேர்ந்து, இரண்டு வாரங்களுக்கு முன்பே இலைகளைக் காம்பு விட்டு நறுக்கிவிட வேண்டும். காம்புகள் உதிரும், கண்கள் பருக்கும். பிறகு, அடிச்செடியின் பட்டையை விரலகலத்தில் கீறி உரித்து, அதே அளவில் எடுத்த கண்பட்டையை அழுக்குப் படாமல் அங்கே பொருத்தி, நெகிழி நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டவேண்டும். மூன்று வாரங்களுக்குப் பின் அவிழ்த்துப் பார்க்கையில் பட்டை பச்சையாக இருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. பத்து நாள் கழித்துக் கண்ணுக்கு ஒரு சாண் மேலே அடிச்செடியை வெட்டிவிடலாம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது கிள்ளிவிட மறத்தலாகாது. அவற்றை விட்டுவைத்தால் பழைய செடியே மேலோங்கிவிடும்.

நடுதல்

இரண்டடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய எருவும் பாறைப் பாஸ்பேட்டும் கலந்து நிரப்பி, இரண்டு வாரங்கள் ஆறவிட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் மாலை வேளையில் நடுவது சிறந்தது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். முதல் சில மாதங்களுக்கு நிழல் தேவை. தென்னை ஓலையே போதும். உரத்தைத் தண்டோடு ஒட்டிப் போடாமல், இலைகளின் நிழல் விளிம்பில் வட்டமாக இடவேண்டும்.

காய்க்காத மரம்

முன்னர்க் கூறிய ஆண் மரம் நமது வீட்டிலும் நிற்கின்றதா? அதனை வேரோடு வீழ்த்த வேண்டா. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுத் தளிர்கள் வரும். அவற்றுள் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டு, பென்சில் பருமன் ஆனதும் காய்க்கும் மரத்தின் கண்ணை அவற்றில் ஒட்டலாம். வேர் ஏற்கெனவே ஆழமாக ஊன்றியிருப்பதால் அது விரைவில் வளரும்.

நாம் நட்ட மரத்தை விட்டுச் செல்லும் நாள் வரலாம். ஆனால், ஒட்டுக் கட்டும் வித்தையை எவரும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. புறப்படுமுன் நமது மரத்தின் கண்களை எடுத்து இரண்டு கன்றுகளில் ஒட்டிப் பையோடு கொண்டு சென்றால், புதிய வீட்டிலும் அதே பழத்தை உண்ணலாம். இவ்வித்தையை அறிந்த பெரியோர், விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஒரு செடியிலேனும் கட்டிக் காட்டுமாறு வேண்டுகின்றோம்.