யார்டில் வண்டி எடுக்க வந்த தம்பிகளுக்கு

ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகள் பலர், யார்டுக்குள் பெட்டி இழுக்கும் ஐ.டி.வி. வண்டி ஓட்ட ஹார்பருக்கு வருகிறார்கள். சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கன்டெய்னர் டெர்மினல் 1983-லேயே வந்துவிட்டது. இன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் காட்டுப்பள்ளியிலும் இதே வேலைதான். அவர்களுக்காகச் சில வார்த்தை.

1. இந்த வண்டியில் ஒரு ஆளுக்குத்தான் இடம். டிரெய்லரை மாட்டும் ஃபிப்த் வீலை ஹைட்ராலிக்கில் உயர்த்தலாம். டிரெய்லரின் காலைக் கையால் சுற்றி ஏற்றாமலே இழுத்துப் போகலாம். அந்தச் சுலபத்தில்தான் பூட்டு விழுந்ததா என்று பார்க்க மறக்கிறோம்.

2. ஃபிப்த் வீலில் பூட்டும் டிரெய்லரின் கிங் பின் வெறும் 2 அங்குல இரும்பு. முப்பது டன் பெட்டி அதை நம்பித்தான் வருகிறது. மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக முன்னால் இழுத்துப் பார். பிறகு இறங்கி, டார்ச் அடித்து, கிங் பின்னைச் சுற்றி பூட்டின் ஜா மூடியிருப்பதைக் கண்ணால் பார். சத்தம் கேட்டது போதும் என்று விடாதே. காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும், கிரீஸ் காய்ந்த பூட்டு பாதியில் நிற்கும்.

3. நாற்பதடி டிரெய்லரில் இரண்டு இருபதடிப் பெட்டி ஏற்றினால், முன்னால் காலியும் பின்னால் கனமும் வேண்டாம். டிராக்டரின் பின்சக்கரத்தில் பாரம் குறையும். மழை ஈரத்தில் பிடிப்பு போகும். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிப் பெட்டியின் எடையைச் சரிபார்த்து எழுதித் தரவேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஆனால் பாரம் உள்ளே எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று காகிதம் சொல்லாது. கிரானைட் பெட்டியின் தரையோடு கிடக்கும். உயரமாக அடுக்கிய சரக்கு திருப்பத்தில் சாயும். யார்டு டிரெய்லர் பலவற்றில் பெட்டியைப் பூட்டும் ட்விஸ்ட் லாக் கிடையாது, மூலையில் கைடு மட்டும்தான். எல்லாத் திருப்பத்தையும் கனப்பெட்டியின் திருப்பமாகவே எடு.

4. கிரேனுக்குக் கீழே கேபினை விட்டு இறங்காதே. பெட்டி தூக்கும்போது நாலு மூலையும் விடுபட்டதைக் கண்ணாடியில் பார்த்து, சிக்னல் வந்த பிறகே நகர். வெளியிலிருந்து வரும் டிரெய்லரில் ஒரு ட்விஸ்ட் லாக் திறக்காமல் இருந்தால், பெட்டியோடு வண்டியும் மேலே போகும்.

5. வாக்கி டாக்கியில் அவசரப்படுத்துவார்கள். பே நம்பர், ரோ நம்பரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள். தப்பான வரிசைக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் பெரிய நஷ்டம்.

6. புயல் எச்சரிக்கை வந்தால் காலிப் பெட்டி அடுக்கின் ஓரம் ஒதுங்காதே. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த நாளை ஞாபகம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பார்.

7. எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் ராத்திரியெல்லாம் நின்று துறைமுகத்தின் ஜீரோ கேட் தாண்டி வரும் டிரெய்லர் டிரைவருக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. உன் லேன் அவருக்குப் பழக்கமும் இல்லை. அவர் தப்பாகத் திருப்பினால் ஹாரன் அடித்துத் திட்டாதே. நீ நின்று, வழிவிட்டு, எந்தப் பிளாக் என்று கேட்டுச் சொல்லி அனுப்பு.